யப்பான் வண்டியும் நம் வானொலியும்

யப்பானிலிருந்து கப்பலேறி வந்த மோட்டார் வண்டியை வாங்கியோர் பலருக்கும் ஓர் அனுபவம் உண்டு. காலையில் வண்டியை இயக்கியதும் ஒரு பெண்குரல் மிகுந்த பணிவுடன் யப்பானிய மொழியில் ஏதோ அறிவிக்கும். வீட்டிலுள்ள சிறுவர் சில நாட்களிலே அதனை மனனஞ் செய்து ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவர். வண்டி நமக்கு வாழ்த்துக் கூறுகின்றது என்று கருதுவாரும் உளர். "அட்டை செருகப்படவில்லை" என்பதே அவ்வாசகத்தின் பொருள். யப்பானிய நெடுஞ்சாலைகளின் கட்டண வாயில்களில் வண்டியை நிறுத்தாமலே பணஞ் செலுத்துவதற்காக, 2001ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வழங்கிவரும் ஒரு சிறு கருவியின் குரல் அது. ஒருபோதும் வந்து சேராத அட்டையை அஃது இலங்கையின் வீதிகளிலும் நாள்தோறும் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது.

வண்டியின் முகப்புப் பலகையின் நடுவே அழகியதொரு திரையும் இருக்கும். அதிலுள்ள எழுத்து நமக்கு விளங்காது. வானொலியைத் திருகினால் பெரும்பாலும் இரைச்சலே கேட்கும். ஓரிரு நிலையங்கள் அகப்பட்டால் அதிர்ஷ்டம். தேசப்படத்தைத் திறந்தால் தோக்கியோ நகரத்துத் தெருக்கள் தோன்றும். வண்டியின் இயந்திரத்திற் குறையில்லை. குளிரூட்டியும் செவ்வனே தொழிற்படுகின்றது. உடல் முழுவதும் நமக்கு உழைக்க, நாவும் செவியும் மாத்திரம் பிறந்த நாட்டிலேயே தங்கிவிட்டன போலும்!

யப்பானியரும் நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கமாகச் செல்பவர்கள். அவர்களுடைய வண்டிகளிலும் சுக்கான் வலப்பக்கத்தில் உள்ளது. அவர்கள் பாவித்துக் கழித்த வண்டிகள் மாற்றமெதுவுமின்றி நம் வீதிகளுக்குப் பொருந்துவதற்கு இதுவே காரணம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலும் இருந்த வண்டியையே பேணிக் காத்தவர் பலர். வண்டியை மாற்ற இயலாவிடினும் அதிலுள்ள வானொலிப் பெட்டியையும் வழிகாட்டியையும் மாற்றிக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயின், அறியாது செய்யின் இக்கருமத்திற் பணம் வீணாகலாம், பற்றரி இறக்கலாம், அவற்றினும் பெரிய இழப்பும் நேரலாம். ஆதலின், கடைக்குச் செல்லுமுன் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

வானொலி ஏன் ஊமையாயிற்று?

பண்பலை ஒலிபரப்புக்கென ஒவ்வொரு நாடும் ஒரு மீடிறன் வீச்சை ஒதுக்கியிருக்கின்றது. இலங்கையில் அஃது ஏறக்குறைய 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையாகும். உலகின் பெரும்பாலான நாடுகளிலும் இவ்வாறே. யப்பானோ 76 முதல் 90 வரையுள்ள வீச்சைக் கைக்கொண்டது. 2014ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் அங்கே 95 வரையும் ஒலிபரப்பு நிகழ்கின்றது. ஆகவே, பழைய யப்பானியப் பெட்டி நம் நாட்டில் 88க்கும் 90க்கும் இடைப்பட்ட மிகச் சிறிய இடைவெளியையே கேட்க வல்லது.

இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் மலிவான சிறு பெட்டியொன்று கிடைக்கின்றது. வானலைகொம்புக்கும் வானொலிக்கும் இடையே அதனைப் பொருத்துவர். வரும் அலையின் மீடிறனிலிருந்து குறித்த ஒரு தொகையைக் கழித்து வானொலிக்குக் கொடுப்பதே அதன் வேலை. அத்தொகை 16 எனக் கொள்வோம். 100இல் ஒலிபரப்பாகும் நிலையம் வானொலியில் 84இற் கேட்கும். நல்லதுதான், ஆயினும் ஒரு கணக்கு இடறுகின்றது. யப்பானிய வானொலியின் வீச்சு 14 மெகாஹேர்ட்ஸ், நம்முடையதோ 20. பதினான்கு முழ வேட்டியால் இருபது முழத்தை மூட முடியுமா? எவ்வாறு கழித்தாலும் சில நிலையங்கள் வெளியே நின்றுவிடும். வீட்டார் விரும்பிக் கேட்கும் தமிழ் நிலையங்கள் எந்த மீடிறன்களில் உள்ளன என்பதை முதலிற் குறித்துக்கொண்டு, அவை அகப்படுமாயின் இச்சிறு பெட்டியே போதும். அதற்கு மேல் ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை.

வழிகாட்டியின் கதை

"செய்மதி இலங்கைக்கு மேலேயும் இருக்கின்றதே, பின்னர் ஏன் இந்த வழிகாட்டி இங்கே வழி காட்டவில்லை?" என்று மாணவர் வினவலாம். செய்மதி வழியைக் காட்டுவதில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செய்மதிகள் தத்தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் மாத்திரமே இடையறாது அறிவிக்கின்றன. நான்கு செய்மதிகளின் அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, வண்டியிலுள்ள கருவியே தான் நிற்கும் இடத்தைக் கணிக்கின்றது. அந்த இடத்தில் எந்தத் தெரு உள்ளது என்பதைச் சொல்லுவது கருவியினுள் இருக்கும் தேசப்படம். யப்பானியக் கருவி தான் நிற்கும் இடத்தை நல்லூரிலும் சரியாகவே அறியும். அதன் படத்தில் நல்லூர் இல்லை, அவ்வளவே.

செய்மதியின்றியும் வழிகாட்டிகள் இருந்தன. 1981ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட கருவி, வண்டி திரும்பும் கோணத்தையும் ஓடிய தூரத்தையும் அளந்து, ஒளி ஊடுருவும் படத்தாளின் பின்னே ஓர் ஒளிப்புள்ளியை நகர்த்திக் காட்டியது. 1990ஆம் ஆண்டில் மஸ்டா நிறுவனம் ஜி.பி.எஸ். வழிகாட்டியை உள்ளமைத்த வண்டியொன்றை விற்பனைக்கு விட்டது. அவ்வாண்டிலேயே பயனியர் நிறுவனம், எந்த வண்டியிலும் பின்னர் பொருத்தத்தக்க வழிகாட்டியையும் யப்பானில் விற்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குரிய செய்மதிக் குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி வந்தது. அது நீக்கப்பட்ட பின்னரே, நூறு மீற்றர் அளவுக்குப் பிழைத்த கணிப்பு இருபது மீற்றருக்குட் சுருங்கியது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி வழி காட்டுவதும் அதன் பயனே.

பின்னர் பொருத்தும் வழக்கம் புதியதன்று

தொழிற்சாலை தந்ததை அகற்றிவிட்டு வெளிக்கருவியைப் பொருத்தலாமா என்று தயங்குவோரும் உளர். மோட்டார் வண்டிக்குள் வானொலி புகுந்ததே அவ்வழியாலன்றோ! 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் கல்வின் என்பாரின் நிறுவனம், வாங்கிய வண்டியிற் பின்னர் பொருத்தும் வானொலியைச் செய்து விற்றது. மோட்டார் என்னும் சொல்லோடு ஒலிக்கருவிப் பெயர்களின் ஈற்றைச் சேர்த்து அதற்கு மோட்டரோலா என்று பெயரிட்டனர். இயந்திரத்தின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்குவதே அந்நாளிற் பெருஞ் சிக்கலாயிருந்தது. 1956ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனம் வண்டிக்குள் இசைத்தட்டுக் கருவியையே அமைத்துப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. பின்னர் ஒலிநாடாவும், 1984ஆம் ஆண்டளவில் இறுவட்டும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் பழைய பெட்டி கழன்று புதியது ஏறியது. ஆகவே மாற்றுவதிற் குற்றமில்லை. மாற்றும் முறையே கவனிக்கத்தக்கது.

அளவும் இடமும்

வானொலிப் பெட்டியின் முகத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவு உண்டு: அகலம் 180 மில்லிமீற்றர், உயரம் 50 மில்லிமீற்றர். திரையுடைய பெட்டிகள் இதன் இரு மடங்கு உயரமாகிய 100 மில்லிமீற்றர் கொண்டவை. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் மாத்திரம் 200 மில்லிமீற்றர் ஆகும். அங்கே 180 அளவுள்ள பெட்டியைப் பொருத்தினால் இருபுறமும் ஒரு விரற்கடை இடைவெளி தோன்றும். அதனை மூடுஞ் சட்டம் தனியே வாங்கவேண்டும். விலை பேசுமுன் அளவுகோலை எடுத்து அளந்துகொள்வது நன்று.

ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் அத்திரை வானொலிக்கு மட்டும் உரியதன்று. குளிரூட்டியின் கட்டளைகளும், மின்னோட்டத்தின் நிலையும், பின்நோக்குக் கமெராவின் காட்சியும் அதிலேயே தோன்றும். அதனைக் கழற்றினால் அவையும் போய்விடும். அத்தகைய வண்டிக்குத் திரையைத் தொடாமல், ஒலிபெருக்கிகளை மாத்திரம் மாற்றுவதே அறிவுடைமை.

ஐம்பது வாற்றுக் கணக்கு

புதுப் பெட்டிகளின் மேலுறையில் "50 வாற்று, நான்கு ஒலிபெருக்கிகளுக்கு" என்று பெரிய எழுத்திற் பொறித்திருப்பர். இதனை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் ஆராய்ந்துவிடலாம். ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ற்று. ஒலிபெருக்கியின் தடை வழக்கமாக 4 ஓம். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் 51.8 வாற்று வரும். உறையிலுள்ள ஐம்பது இதுவே! ஆனால், அழுத்தம் கணமும் குறையாது உச்சத்திலேயே நின்றால் மாத்திரமே இவ்வளவு கிடைக்கும். அவ்வாறு நின்றால் காதில் விழுவது பாட்டன்று, கரகரப்பே. தெளிவான ஓசை அலைபோல் ஏறி இறங்குவது. அதற்குக் கிடைப்பது இதன் பாதியாகிய 26 வாற்றிலும் சற்றுக் குறைவே.

இன்னோர் எளிய சோதனையும் உண்டு. பெட்டியின் பின்புறத்து உருகியைப் பாருங்கள். அது 10 அம்பியருக்குரியதாயின், 14.4ஆற் பெருக்க 144 வாற்று வரும். தொடர்ந்து 144 வாற்றுக்கு மேல் உட்கொள்ள முடியாத பெட்டி 200 வாற்றை எங்கிருந்து வெளியிடும்?

இதனால் அறியத்தக்கது, உறையிலுள்ள எண்ணுக்காக அதிக விலை கொடுக்கவேண்டாம் என்பதே. ஓசை நலிவதற்குப் பெட்டியைவிட ஒலிபெருக்கிகளே பெரும்பாலுங் காரணமாகின்றன. சிறிய யப்பானிய வண்டிகளின் கதவுகளில் மெல்லிய கடதாசிக் கூம்புடைய மலிவான ஒலிபெருக்கிகளே இருக்கும். வெயிலாலும் ஈரத்தாலும் அவை காலப்போக்கில் நைந்துவிடுகின்றன. முன்கதவு இரண்டிலும் தரமான ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, கதவுத் தகடு அதிராதவாறு உட்புறத்தில் அடைப்புத் தகடு ஒட்டினால், பழைய பெட்டியே புதுப்பெட்டி போல ஒலிக்கக் காண்பீர்கள்.

கம்பிகளின் நிறம்

பின்னர் பொருத்தும் பெட்டிகளின் கம்பிகளுக்குப் பொதுவானதொரு நிறவொழுங்கு உண்டு. மஞ்சள் எப்பொழுதும் பற்றரியோடு இணைந்திருப்பது. நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைப்பதற்கு அது வேண்டும். சிவப்பு, திறப்பைத் திருப்பியபின் மின்பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு இணைவது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியன ஒலிபெருக்கிகளுக்குரியன. மஞ்சளையும் சிவப்பையும் இடமாற்றி இணைத்தால் ஒவ்வொரு நாளும் பெட்டி அனைத்தையும் மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பற்றரியோடு இணைத்தாலோ பெட்டி உறங்குவதேயில்லை.

அதன் விளைவையுங் கணக்கிட்டுப் பார்க்கலாம். 45 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரியிலிருந்து, நிறுத்திவைத்த வண்டியில் அரை அம்பியர் வீதம் மின் கசிந்தால் 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாட்களுக்குள், அது முற்றாக வெறுமையாகும். வண்டி இயங்க மறுப்பதோ அதற்கு வெகு முன்னரே. கசிவு 50 மில்லி அம்பியராயின் அதே பற்றரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். வேலை முடிந்ததும், வண்டியை நிறுத்திய நிலையில் இக்கசிவை அளந்து காட்டும்படி மின்வேலை செய்பவரிடம் கேட்டு வாங்குவது நம் உரிமை.

இன்னுஞ் சில எச்சரிக்கைகள் உள. தொழிற்சாலை இணைப்பிகளை வெட்டவிடாதீர்கள். அவற்றிற் பொருந்தும் இணைப்பிக்கம்பி அவ்வவ் வண்டிக்கென விற்கப்படுகின்றது. வெட்டி முறுக்கி நாடா சுற்றிய மூட்டு, வெப்பத்தில் இளகித் தீக்குங் காரணமாகலாம். மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை இணைப்புகளும், ஹைபிரிட் வண்டியின் செம்மஞ்சள் உறையிட்ட உயரழுத்தக் கம்பிகளும் கைபடத் தகாதவை. அட்டை கேட்டு அலுக்கும் அந்தப் பெண்குரலுக்கும் இதே வேளையில் ஓய்வு கொடுக்கலாம். அக்கருவியின் இணைப்பியைக் கழற்றினாலே போதும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் பேணப்படும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளை உடையோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அக்காலத்து ஆங்கில வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலப் பெட்டிகளோ எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கென ஆக்கப்பட்டவை. இதனை ஆராயாது இணைத்தால் புதுப்பெட்டி அந்தக் கணமே எரிந்துபோகும்.

எதனை வாங்குவது?

இன்று கடைகளிற் காணப்படுபவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, திரையற்ற எளிய பெட்டி. வானொலியோடு, கைத்தொலைபேசியிலுள்ள பாட்டையும் கம்பியின்றிப் பெற்று ஒலிக்கும். இரண்டாவது, கைத்தொலைபேசியோடு இணைந்து அதன் தேசப்படத்தைத் தன் திரையிற் காட்டுவது. ஆப்பிள் நிறுவனத்தின் கார்பிளே 2014ஆம் ஆண்டிலும், கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் ஓட்டோ 2015ஆம் ஆண்டிலும் வழக்குக்கு வந்தன. மூன்றாவது, தானே ஒரு சிறு கணினியாக இயங்கும் அகன்ற திரை.

மூன்றாவது வகை பார்வைக்கு மிகக் கவர்ச்சியானது. எனினும் அதன் மென்பொருள் சில ஆண்டுகளிற் பழையதாகி மெல்ல நகரும். இரண்டாவது வகையில் அறிவு முழுவதும் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. புதிய வீதி திறக்கப்பட்டால் படமும் தானே புதுப்பிக்கப்படுகின்றது. தொடர்பு கிடையாத இடங்களுக்குச் செல்லுமுன் அப்பகுதிப் படத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி உண்மையிலே வேண்டுமென்பவருக்கு இவ்வகையே ஏற்றது. நாள்தோறும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் கந்தோருக்கும் சென்று வருபவருக்கு முதல்வகை போதும். அறிந்த வழிக்கு வழிகாட்டி எதற்கு?

கண்ணும் செவியும்

இனி, எல்லாவற்றினும் தலையாய விடயத்துக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றரைக் கடக்கின்றது. இரண்டு செக்கன் திரையை நோக்கினால் 33 மீற்றர் கண்ணின்றிக் கடந்தவராவோம். அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், வண்டிக்கருவியைக் கையாளும்போது ஒரு பார்வை இரண்டு செக்கனுக்கு மேற்படலாகாது என்றும், ஒரு செயலுக்குரிய பார்வைகள் யாவுஞ் சேர்ந்து பன்னிரண்டு செக்கனுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தன. நம் வீதிகளிலோ விளக்கில்லாத சைக்கிளும், கட்டவிழ்ந்த மாடும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் அந்த 33 மீற்றருக்குள்ளேயே குறுக்கிடக்கூடும்.

திரையுடைய பெட்டிகளில் கைத்தடுப்போடு இணைப்பதற்கென ஒரு கம்பி உண்டு. வண்டி ஓடும்போது படக்காட்சி தோன்றாதவாறு தடுப்பதே அதன் நோக்கம். சில கடைகளில் அதனை வேறிடத்தில் இணைத்து, எந்நேரமும் திரைப்படம் ஓடும்படி செய்து கொடுப்பர். அதனையொரு சலுகையாகவும் சொல்லுவர். அச்சலுகையை ஏற்கவேண்டாம். சுக்கானிலுள்ள பொத்தான்களைப் புதுப்பெட்டியோடு இணைத்துத் தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு தடைப்பெறுமானத்தைத் தருவது பல வண்டிகளிற் காணும் முறை. புதுப்பெட்டிக்கு அதனைக் கற்பித்துவிடலாம். ஓசையைக் கூட்டவுங் குறைக்கவும் கண்ணை வீதியிலிருந்து எடுக்க வேண்டியிராது. செல்லும் இடத்தின் பெயரை, வண்டி புறப்படுமுன் பதிந்துவிடுங்கள். இடையில் மாற்ற வேண்டுமாயின் அருகிலிருப்பவர் மாற்றட்டும். தனியே செல்பவர் ஓரமாக நிறுத்தட்டும்.

கண்ணை வீதிக்கு விட்டோம். செவியைப் பாட்டுக்குக் கொடுத்துவிடலாமோ? அதுவும் இயலாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. வடக்கின் ஊர்களிடையே பாதுகாப்பற்ற கடவைகளிலே உயிர்கள் பறிபோன செய்திகளை இப்பத்திரிகைகளில் நாம் படித்திருக்கின்றோம். கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டியை இயக்கி, புதிய ஒலிபெருக்கிகளின் ஓசையையும் உயர்த்தி வைத்திருப்பவருக்குப் புகையிரதத்தின் ஊதல் எவ்வாறு கேட்கும்? கடவையை அணுகும்போது ஓசையை முற்றாகக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, இருபுறமும் நோக்கிச் செல்லுதல் வேண்டும். இதனைப் பிள்ளைகள் பார்த்துப் பழகட்டும். நாளை சுக்கானைப் பிடிக்கப்போகிறவர்கள் அவர்களே.

நல்ல பெட்டி வீட்டார்க்கு இன்பந் தருவது. நெடுவழிப் பயணத்திலே தாய்மொழியிற் செய்தியும் பாட்டுங் கேட்பது களைப்பையும் ஆற்றுவது. அளந்து வாங்குங்கள்; கம்பியை வெட்டாது பொருத்துவியுங்கள்; கசிவைச் சோதியுங்கள். பெட்டியின் விலையைக் கடைக்காரர் எழுதித் தருவார்; ஓடும் வண்டியிற் கவனம் பிசகுவதன் விலையை எழுதித் தருவார் எவருமிலர்.